ஆமை இருக்கிற மட்டும்

அந்த அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டால் இரண்டு பதில் வரும். இரண்டும் ஒன்றோடொன்று ஒட்டாது. எதும்மா சரி என்று திருப்பிக் கேட்டால், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல், "ரெண்டும்தானுங்க" என்பார். அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டவர்கள் தங்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

எண்பதுகளின் முதல் பாதியில் எனக்கு அவரைத் தெரியும். திண்டுக்கல் டவுனில் பிறந்து வளர்ந்த என்னை, கால்நடை மருத்துவம் படித்து முடித்த கையோடு கன்னிவாடிப் பக்கம் ஒரு கிராமத்து மாட்டாஸ்பத்திரியில் கொண்டுபோய்ப் போட்டார்கள். ஒரு அறை, ஒரு மேஜை, வாசலில் ஒரு வேப்பமரம், மாட்டை நிறுத்திக் கட்ட ஒரு மரச்சட்டம். அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. போன முதல் வாரமே அவர் ஒரு சிவப்புப் பசுவை ஓட்டிக்கொண்டு வந்தார். ஐம்பதைத் தொடும் வயது, ஒல்லியான உடம்பு, நெற்றியில் திருநீறு மட்டும். பசுவின் கொம்பில் ஒரு முழம் கனகாம்பரம் சுற்றியிருந்தது.

"எப்ப இருந்து தீனி எடுக்கலை?" என்றேன்.

"நேத்திலிருந்துங்க."

காய்ச்சல் பார்த்துவிட்டு, "நேத்துக் காலையிலயா, சாயங்காலமா?" என்றேன்.

"திங்கக்கிழமையிலிருந்து வாயே வெக்கலீங்க."

அன்றைக்கு வியாழன். எனக்குச் சுருக்கென்றது. புதிதாக வந்த பையன் என்று விளையாடுகிறாரா? "நேத்தா, திங்கக்கிழமையா? ஒண்ணைச் சொல்லுங்கம்மா."

"ரெண்டும்தானுங்க."

ஊசி போட்டு அனுப்பிவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. திங்கட்கிழமை அது பருத்திக்கொட்டையைத் தொடாமல் விட்டிருக்கும், புதன்கிழமை வைக்கோலையும் விட்டிருக்கும். அப்படியானால் இரண்டும் சரிதான். அவரோடு இதுதான் பெரிய தொல்லை. வெறும் உளறல் என்று தள்ளிவிடவும் முடியாது, நம்பிவிடவும் முடியாது.

அவருக்கு முன்பல் ஒன்று பாதி உடைந்திருக்கும். அய்யலூர் சந்தையில் கிடா முட்டியதில் போனது என்று ஒரு நாள் சொன்னார். இன்னொரு நாள், கல்யாணமான புதிதில் வீட்டுக்காரர் கரும்பு வாங்கிவந்து கொடுத்தார், கடிக்கும்போது உடைந்தது என்றார். அதைச் சொல்லும்போது அந்தப் பல் தெரியச் சிரித்தார். மாட்டுக்கு எதுக்கும்மா பூ என்று கேட்டதற்கு, "ஈ அண்டாதுங்க" என்றார். கனகாம்பரத்துக்கும் ஈக்கும் என்ன சம்பந்தம் என்று நான் முழித்தேன். "அழகா இருக்குதுல்லீங்க?" என்றார் உடனே. தினமும் கூடை கூடையாகப் பூப்பறித்து முதல் பஸ்ஸில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிற பெண், தன் தலையில் ஒரு இணுக்குக்கூட வைத்துக்கொள்ள முடியாதவர். எனக்கு அது மனதை என்னவோ செய்தது. அவருக்கு அப்படி ஏதும் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவருக்கு ஊருக்கு மேற்கே ஒரு துண்டு நிலம். கனகாம்பரம், ஓரமாகக் கொஞ்சம் மல்லி. நிலம் அவருடையது, கிணறு அவருடையதல்ல. பக்கத்துத் தோட்டத்துக் கொழுந்தனாருடையது. அந்தக் கிணற்றிலிருந்து வாரத்தில் ஒரு நாள், வெள்ளிக்கிழமை, அவர் பூந்தோட்டத்துக்குத் தண்ணீர் பாயும். செம்மண் பூமி. அந்த ஒரு நாள் தண்ணீர் இல்லாவிட்டால் கனகாம்பரம் குச்சிதான். அவருடைய சோறு, மாட்டுக்கு வைக்கோல், அந்த ஊரில் அவர் தலைநிமிர்ந்து நடப்பது எல்லாமே வெள்ளிக்கிழமைத் தண்ணீரில்தான் இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமை இருந்தது ஓர் ஆமையின் ஆயுளில்.

இதை எனக்கு முதலில் சொன்னவர் ஆஸ்பத்திரிக்குப் பால் ஊற்றுபவர். நான் நம்பவில்லை. பிறகு ஊரே சொன்னது. எங்கள் பக்கம் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டதும் உள்ளே ஓர் ஆமையை விடுவது வழக்கம். பூச்சி, புழு, செத்த தவளை எல்லாவற்றையும் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைத்திருக்கும் என்பார்கள். அந்தக் கிணற்றை வெட்டியவர் இந்த அம்மாவின் மாமனார். வெட்டி முடித்த வருஷம்தான் மூத்த மகன் பாம்பு கடித்துச் செத்துப்போனான். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை, பிள்ளையும் இல்லை. நெய்க்காரப்பட்டியிலிருந்து பிறந்த வீட்டுக்காரர்கள் வண்டி கட்டிக்கொண்டு வந்து கூப்பிட்டார்கள். இவர் போகவில்லை. மாமனார் என்ன நினைத்தாரோ, ஒரு துண்டு நிலத்தைப் பிரித்துக் கொடுத்தார். பிறகு, கிணற்றில் விடுவதற்காகப் பிடித்துவந்த கறுப்பு ஆமையை எடுத்து, வாலுக்குப் பக்கத்தில் ஓட்டின் ஓரத்தை உளியால் கொத்தி ஓர் அடையாளம் வைத்தார். ஊர்க்காரர்கள் பார்த்திருக்கக் கிணற்றில் விட்டார். சின்ன மகனைக் கூப்பிட்டு, "இந்த ஆமை இந்தக் கிணத்துல இருக்கிற மட்டும் வெள்ளிக்கிழமைத் தண்ணி உன் மதினிக்கு" என்றார். பத்திரமும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

ஏன் ஆமை? இதை நான் அந்த அம்மாவிடமே கேட்டேன்.

"எங்க மாமா தங்கமான மனுசருங்க. நான் சாகற வரைக்கும் தண்ணி குடுடான்னா கொழுந்தன் நாளைக்கு மாத்திப் பேசலாம். ஆமைன்னா நூறு வருசம் கெடக்குமுங்க. அதனால சொன்னாரு."

இரண்டு மாதம் கழித்து, மாட்டுக்குக் குடற்புழு மருந்து வாங்க வந்தபோது அவராகவே ஆரம்பித்தார். "எங்க மாமா பலே ஆளுங்க. மொதக் கோடையிலயே ஆமை செத்துரும், இவளும் மூட்டையைக் கட்டிருவான்னு கணக்குப் போட்டாருங்க. ஊருக்கு முன்னால நல்ல பேரும் ஆச்சு பாருங்க."

"அம்மா, அன்னைக்கு வேற மாதிரி சொன்னீங்களே. எது நிஜம்?"

"ரெண்டும்தானுங்க."

இது எனக்குச் சாப்பாட்டில் கல் மாதிரி நெருடிக்கொண்டே இருந்தது. ஒரு மனிதர் கருணையாகவும் தந்திரமாகவும் ஒரே வாக்கியத்தைச் சொல்ல முடியுமா? செத்துப்போனவரிடம் கேட்கவும் வழியில்லை.

கொழுந்தனாரும் அந்த அம்மாவும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. சண்டை என்றில்லை. ஏதோ ஒரு காலத்தில் நின்றுபோன பேச்சு, நின்றபடியே இருந்தது. சொல்ல வேண்டியதைக் கிணற்றைப் பார்த்துச் சொல்வார்கள். "கரண்டு பதினொரு மணிக்குத்தான் வருதாம்" என்று அவர் கிணற்றிடம் சொல்வார். "வரட்டுமுங்க" என்று இவரும் கிணற்றிடமே சொல்வார். கிணற்றுக்கு மட்டும் வாய் இருந்தால் எவ்வளவு பாடாய்ப் படும் என்று நினைத்துக்கொள்வேன்.

வருஷா வருஷம் சித்திரையில், தண்ணீர் அடியில் கிடக்கும்போது, கொழுந்தனார் ஊரில் இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு ஆமையைப் பார்க்க வருவார். இந்த அம்மா கிணற்றுப் படியில் இறங்கி உட்கார்ந்து, சொத்தைத் தக்காளியை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் போடுவார். செத்த நேரத்தில் கறுப்பாக ஒன்று மேலே வரும். தக்காளியைக் கவ்வும், திரும்பும், வால் பக்கம் தெரியும். "ம். கிடக்கு" என்பார் கொழுந்தனார். ஏதோ நஷ்டப்பட்டவர் போலத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார். நான் அங்கே வேலைக்குப் போன முதல் வருஷம் ஒரு தடவை இதைக் கண்ணால் பார்த்தேன். கறுப்பாக ஒன்று வந்தது வாஸ்தவம். கொத்திய அடையாளத்தை நான் பார்த்தேன் என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அன்றைக்குத் திரும்பும்போது கொழுந்தனார் என் சைக்கிளைப் பிடித்து நிறுத்தினார். கட்டை மீசை, கனத்த குரல். ரகசியம் பேசினாலும் நாலு தோட்டத்துக்குக் கேட்கும்.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும். ஆமை எம்புட்டு வருஷம் இருக்கும்?"

"சில ஜாதி ஆமை நூறு வருஷத்துக்கு மேலயும் இருக்கும்னு சொல்றாங்க."

"நம்ம கிணத்து ஆமை?"

"தெரியாதுங்க. எனக்குப் படிப்புல ஆமை கிடையாது."

"பொறவு என்ன டாக்டர்!" என்று சைக்கிளை விட்டார்.

நான் யோசித்துக்கொண்டே போனேன். எனக்குச் சொல்லிக்கொடுத்தது மாடு, ஆடு, கோழி, நாய். கோழி குழம்புக்குப் போய்விடும். ஆட்டை அய்யலூர் சந்தையில் விற்றுவிடுவார்கள். மாட்டுக்கு வயசானதும் கேரளா லாரி வந்துவிடும். வயசாகி, தானாகச் சாகும் பிராணி என்று ஒன்றை என் வேலையில் நான் பார்த்ததே அபூர்வம். ஒரு பிராணி எவ்வளவு நாள் வாழும் என்று என்னைக் கேட்டால், மனிதன் எவ்வளவு நாள் விட்டுவைப்பான் என்றுதான் எனக்குச் சொல்லத் தெரியும்.

நான் ஆமைக்கு நூறு சொன்னது ஊரில் பரவிவிட்டது. அதன் பிறகு மாடு ஓட்டிவருகிறவர்களெல்லாம் ஆயுசு விசாரிக்க ஆரம்பித்தார்கள். கிளிக்கு எவ்வளவு, யானைக்கு எவ்வளவு, பல்லிக்கு எவ்வளவு. ஒருவர், காக்காய்க்குச் சாவே கிடையாது என்று சாதித்தார். "கரண்டுக் கம்பியில அடிபட்டதை விடுங்க டாக்டர். தானாச் செத்த காக்காயை எங்கயாச்சும் பாத்திருக்கீகளா?" நான் பார்த்ததில்லை. அன்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் எனக்கு அதே யோசனையாக இருந்தது.

அந்த அம்மாவும் கேட்டார். "ஏனுங்க டாக்டருங்க, மாட்டுக்குப் பல்லப் பாத்து வயசு சொல்றீங்க. ஆமைக்குப் பல்லு உண்டுங்களா?"

"கிடையாதும்மா."

"அப்ப இது பழைய ஆமை, இது புது ஆமைன்னு யாராலயும் சொல்ல முடியாதுங்களா?"

"கஷ்டம்தான்."

அவர் முகத்தில் நிம்மதி வந்த மாதிரி இருந்தது. அடுத்த நிமிஷம் அதைவிடப் பெரிய கவலை வந்த மாதிரியும் இருந்தது.

அதற்கடுத்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. மாசியிலேயே கிணறுகள் தரை தட்ட ஆரம்பித்தன. சித்திரையில் கொழுந்தனார் ஆட்களோடு வந்தார். அம்மா படியிறங்கித் தக்காளி போட்டார். போட்டுக்கொண்டே இருந்தார். தக்காளிகள் கொஞ்ச நேரம் மிதந்தன, ஒவ்வொன்றாக ஓரம் ஒதுங்கின. கறுப்பாக ஒன்றும் வரவில்லை.

கொழுந்தனார் வெகுநேரம் உள்ளேயே பார்த்தபடி நின்றார். "வைகாசியில கிணத்தை ஆழப்படுத்தப்போறோம். அடிவரைக்கும் எறைச்சுத்தான் ஆகணும். அப்பத் தெரிஞ்சுரும்" என்று கிணற்றிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் அந்த அம்மா மாடு இல்லாமல் ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெஞ்சில் உட்காராமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண் சிவந்திருந்தது.

"ஆமைக்கு மருந்து இருக்குதுங்களா?"

"அதுக்கு என்ன செய்யுது?"

"காணாமப் போகுதுங்க."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். கோடையில் ஆமை சேற்றுக்குள் புதைந்து படுத்துக்கொள்ளும் என்று யாரோ சொல்லக் கேட்டிருந்தேன். அதைச் சொன்னேன். "பாத்திருக்கீங்களா?" என்றார். இல்லை என்றேன். "நானும் பாத்ததில்லீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கு அவர் எதற்கும் இரண்டு பதில் சொல்லவில்லை.

பத்துப் பதினைந்து நாள் இருக்கும். அய்யலூர் சந்தையில் எனக்கு டியூட்டி. ஆட்டுக் கூட்டத்துக்கு நடுவே, ஈரச் சாக்கால் மூடிய கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவர் வந்தார். கண்மாய்கள் வற்றிக் கிடந்ததால் மீன் பிடிக்கிறவர்கள் கையில் கிடைத்ததையெல்லாம் சந்தை ஓரத்தில் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

"கூடையில என்னம்மா?"

"கோழிங்க."

உள்ளே ஏதோ நகத்தால் பிறாண்டியது. நான் கூடையையே பார்த்தேன்.

"முட்டைக்கோசுங்க" என்றார்.

கோழியா முட்டைக்கோசா என்று நான் கேட்கவில்லை. அவரும் "ரெண்டும்தான்" என்று சொல்லவில்லை. கூடையை இன்னும் இறுக்கிக்கொண்டு பஸ்ஸைப் பார்க்க நடந்தார். எனக்குப் புரிந்துவிட்டது. ஆனால் என்ன நினைப்பது என்றுதான் புரியவில்லை. பொய்தான். ஆனால் தண்ணீருக்குத் தவிக்கிற ஒரு பூந்தோட்டத்துக்காகச் சொல்லும் பொய். நான் மாட்டு டாக்டர். எனக்கு அதில் என்ன வேலை என்று ஆட்டுக்கு ஊசி போடப் போய்விட்டேன்.

வைகாசியில் ஒரு நாள் காலை, கொழுந்தனார் எனக்கு ஆள் அனுப்பினார். "நீங்க படிச்சவுக. பொதுவா நின்னு பாத்துச் சொல்லணும்" என்று. போனேன். கிணற்றைச் சுற்றி ஊரே நின்றது. மோட்டார் கடைசித் தண்ணீரை உறிஞ்சிவிட்டுக் கரகரத்துக்கொண்டிருந்தது. வெட்டு ஆட்கள் உள்ளே இறங்கிச் சேற்றை அள்ளிக் கூடையில் போட, மேலே வடம் போட்டு இழுத்தார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மாமனார் சொன்ன வாக்கைக் காதால் கேட்ட ஊர்க்காரர்களில் மிச்சமிருந்தது அவர்தான். அம்மா கனகாம்பர வரப்பில், தள்ளி நின்றார்.

முதலில் வந்த கூடையில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஆமைக்குஞ்சு. வால் பக்கம் ஓட்டில் கொத்திய அடையாளம். கூட்டத்தில் யாரோ, "ஏலே, இதா அந்தக் காலத்து ஆமை? இது நேத்துப் பொறந்ததுல்ல!" என்று சிரித்தார்கள். அடுத்த கூடையில் அதைவிடப் பெரிதாக, சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு இன்னொன்று. அதிலும் அதே இடத்தில் கொத்திய அடையாளம்.

பெரியவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்து இரண்டையும் தண்ணீர் விட்டுக் கழுவிப் பார்த்தேன். வெட்டிய விளிம்பு இரண்டிலும் வெள்ளையாக, பச்சையாக இருந்தது. சந்தேகத்துக்கே இடமில்லை.

"வெட்டுப் புதுசுங்க. ரெண்டுமே" என்றேன்.

சொல்லும்போதே என் வாய் கசந்தது. பொய் சொல்லியிருக்கலாமா என்றால், அதுவும் எனக்கு வராது.

"என்னம்மா இது?" என்றார் பெரியவர். "ஒண்ணு பத்தாதுன்னு ரெண்டா விட்ட?"

நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் பெரிய ஆமையைப் பார்க்கவே இல்லை. அது அவருக்குத் தெரிந்த ஆமை, அய்யலூர் சந்தை ஆமை. சின்னதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இது எங்கிருந்து வந்தது என்று நிஜமாகவே விளங்காமல், வாய் லேசாகத் திறந்தபடி. பிறகு மெதுவாகத் தலையைத் திருப்பிக் கொழுந்தனாரைப் பார்த்தார். அவர் மோட்டாரில், ஏற்கெனவே இறுகியிருந்த நட்டைப் போட்டு இறுக்கிக்கொண்டிருந்தார். காது வரைக்கும் சிவந்திருந்தது.

அம்மாவுக்கு விளங்கிவிட்டது. எனக்கும் அந்த நிமிஷம் விளங்கியது. "சின்னதை நான் விடலை" என்று ஒரு வார்த்தை அவர் சொன்னால் போதும், ஊர் முழுக்கக் கொழுந்தனாரைத் திரும்பிப் பார்க்கும்.

"ரெண்டும்தானுங்க" என்றார். "ரெண்டும் நான் விட்டதுதான்."

பெரியவர் பெருமூச்சு விட்டார். "அப்ப உன் மாமனார் விட்டது செத்துப்போச்சு. வாக்கும் அதோட முடிஞ்சது. வெள்ளிக்கிழமை முறை இனிமே கிடையாது தாயி."

அம்மா தலையாட்டினார். அழவில்லை. முந்தானையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் தோட்டத்தைப் பார்த்தார். ஒவ்வொரு செடியாக, கடைசி வரப்பு வரைக்கும்.

டமாரென்று ஒரு சத்தம். கொழுந்தனார் ஸ்பேனரைப் பாறையில் எறிந்திருந்தார்.

"சின்னது நான் விட்டது!"

பெரியவர் எழுந்தே விட்டார். "உனக்கென்ன கிறுக்காலே? ஆமை செத்தா தண்ணி உனக்குத்தானே!"

"அதுக்குத்தான் விட்டேன்! ஆமை இல்லைன்னா யாரைச் சொல்லுவீக? தண்ணிக்கு ஆசைப்பட்டு இவன்தான் கொன்னுட்டான்னு சொல்ல மாட்டீகளா?"

கண்டிப்பாகச் சொல்லியிருப்பார்கள், நானும் சேர்த்து.

"ஊருக்குப் பயந்து விட்டியா, மதினிக்கு எரக்கப்பட்டு விட்டியா? நெசத்தைச் சொல்லு" என்றார் பெரியவர்.

கொழுந்தனார் திருதிருவென்று முழித்தார். அந்தக் கனத்த குரல் எங்கே போனதோ. "ரெண்டும்தான்" என்றார்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. யாருடைய வார்த்தை தன் வாயில் வந்தது என்று அவருக்கே பிறகுதான் தெரிந்தது. அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரித்தாரா, அழுதாரா? இத்தனை வருஷமாக நான் அதற்கு ஒரு பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

அப்போதுதான் கிணற்றுக்குள்ளிருந்து குரல் வந்தது. "ஏய், இன்னொண்ணு கிடக்குப்பா!"

பாறை இடுக்கில், சேற்றுக்கு அடியில் புதைந்து கிடந்திருக்கிறது. கூடையில் மேலே வந்தபோது முதலில் கல் என்றுதான் நினைத்தோம். பாசி ஏறி, காய்ந்து, கரேலென்று. தண்ணீர் ஊற்றியதும் மெல்லத் தலையை நீட்டியது. வால் பக்கம் ஓட்டில் ஒரு சில்லு இல்லை. ஆனால் அது உளியால் கொத்திய இடமா, எப்போதோ கல்லில் அடிபட்டு உடைந்ததா என்று சொல்ல முடியாதபடி மழுங்கி வழவழவென்றிருந்தது.

"டாக்டர்?" என்றார் பெரியவர்.

"பழசுதான். ஆனா அந்த ஆமைதானான்னு எனக்குத் தெரியலைங்க."

"நீ சொல்லும்மா. உன் ஆமைதானே? இதுவா?"

அம்மா கிட்டே வந்து உட்கார்ந்து பார்த்தார். வருஷா வருஷம் தக்காளி போட்டவர். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் முறை திரும்பக் கிடைத்துவிடும். "தெரியலீங்க" என்றார். எது நிஜம் என்ற கேள்விக்கு அவர் வாயிலிருந்து ஒற்றைப் பதிலாக, உறுதியாக, நான் கேட்டது அது ஒன்றுதான்.

கொழுந்தனார் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார். ஆமையைத் தூக்கி, அந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார். "இதுதான். அப்பா கொத்தும்போது உளி வழுக்கி ஒரு சில்லு கூடவே போச்சு. நான்தானே அன்னைக்கு ஆமையைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்" என்றார்.

இதை அவர் அதற்கு முன்னால் யாரிடமும் சொன்னதில்லை. சித்திரை தவறாமல் வந்து பார்த்துவிட்டு, "ம், கிடக்கு" என்று மட்டும் சொன்னவர். உண்மையோ, அந்த நிமிஷத்தில் தோன்றியதோ. பெரியவர் அவரை ஒரு பார்வை பார்த்தார். "அப்பச் சரி" என்று கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். வெடி வைத்துப் பாறையை உடைத்து, மூன்றாம் வாரம் ஊற்று கண்டதும், மூன்று ஆமையையும் கிணற்றிலேயே விட்டார்கள்.

எனக்கு மாற்றல் வந்தபோது அந்த அம்மா ஒரு பொட்டலம் மல்லிகை கொண்டுவந்து கொடுத்தார், என் மனைவிக்கு என்று. எனக்கு அப்போது கல்யாணமே ஆகவில்லை. அது அவருக்கும் தெரியும். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஏதோ கேட்க வந்திருந்தார்.

"டாக்டருங்க, இப்ப மூணு கெடக்குது. நான் போனப்புறமும் அதுங்க இருக்குமுங்களே. அப்ப வெள்ளிக்கெழமைத் தண்ணி யாருதுங்க?"

நான் யோசிக்காமல், "உங்க கொழுந்தனாருக்குத்தாம்மா போகும்" என்றேன்.

"மாமா அப்படிச் சொல்லலீங்களே" என்றார். தன் குழப்பத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, காலிக் கூடையோடு போய்விட்டார்.

எண்பதுகளின் கடைசியில், ஒட்டன்சத்திரத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது ஒரு தடுப்பூசி முகாமுக்காக அந்தப் பக்கம் போனேன். வழியில் பழைய பால்காரரைப் பார்த்தேன். போன மார்கழியில் காய்ச்சலில் அந்த அம்மா தவறிவிட்டதாகச் சொன்னார். எனக்கு என்னவோ போலாகிவிட்டது. சைக்கிளை மேற்கே திருப்பினேன்.

கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கொழுந்தனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாய்க்காலில் நின்றார். மீசை நரைத்துவிட்டது. தண்ணீர் கனகாம்பரத் தோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. செடி கொள்ளாமல் பூ. வரப்பில் அந்தச் சிவப்புப் பசு மேய்ந்தது. அதன் கொம்பில் ஒரு முழம் கனகாம்பரம். அன்றைக்கு வெள்ளிக்கிழமை என்பது எனக்கு அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

"இன்னும் இந்தப் பக்கமா பாய்ச்சுறீங்க?" என்றேன்.

"ஆமை கிடக்குல்ல டாக்டர்."

"அவங்க இல்லையே."

"அப்பா ஆமை இருக்கிற மட்டும்னுதான் சொன்னாரு. மதினி இருக்கிற மட்டும்னு சொல்லலையே."

"பூவை யாரு பறிக்கிறா?"

"பறிக்கிறது எங்க வீட்டு ஆளுகதான். தண்ணி அவுக முறை." இதில் ஏதும் கோளாறு இருப்பதாக அவருக்குத் தெரியவில்லை. எனக்கும் எங்கே கோளாறு என்று சொல்லத் தெரியவில்லை.

"மூணும் இருக்கா?"

"போன வாரம் ஒண்ணைப் பாத்தேன். எதுன்னு தெரியலை. சின்னதும் வளந்துருச்சுல்ல." மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு, ஆரம்பத்தில் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். "ஆமா டாக்டர், இன்னும் எம்புட்டு வருஷம் இருக்கும்?"

அத்தனை வருஷ வேலைக்குப் பிறகும் எனக்கு அது தெரியாது. "நூறு வருஷம் இருந்தாலும் இருக்கும்" என்றேன்.

"அம்புட்டா?" என்றார். பிறகு மண்வெட்டியை எடுத்து, தன் தோட்டத்துக்குப் போகும் மடையில் இன்னும் இரண்டு வெட்டு மண்ணைப் போட்டு இறுக்கி அடைத்துவிட்டு, மதினியின் அடுத்த பாத்திக்குத் தண்ணீரைத் திருப்பினார்.